ஈஸ்டர் முடிந்த மறுநாள் எதைத் தொடங்குகிறோம்?

செக்காலைக்காரன்:
காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பங்குகளில் இருக்கிறவர்களிடம் கேட்கிறேன், மற்ற சபையாரும் தாராளமாகச் சொல்லலாம். திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வாங்கியதும் நம் ஆண்கள் பல பேர் கறியை விடுகிறார்கள், கூடவே குடியையும் விடுகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க ஒழுங்காக இருக்கிறார்கள், பெரிய வெள்ளி சிலுவைப் பாதையில் அந்த வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். சனி இரவு பாஸ்கா திருவிழிப்பில் கையில் எரிகிற மெழுகுவர்த்தியோடு நின்று, பாவத்தையும் சாத்தானையும் விட்டுவிடுவதாகக் கோயில் அதிரச் சொல்கிறார்கள். ஞாயிறு காலை கறிக்கடையில் கூட்டம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறந்ததும் அங்கேயும் அதே முகங்கள். ராத்திரி விட்டுவிடுவதாகச் சொன்னது மறுநாள் மத்தியானம் வரைக்கும்தானா?

தவக்காலத்துக்குத் திட்டம் போடுகிறோம்: வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, தியானம், பாவசங்கீர்த்தனம். ஈஸ்டருக்கு அப்புறம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஈஸ்டரில் தொடங்குகிற பாஸ்காக் காலம், தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்துத் திருநாள் வரை ஐம்பது நாள், தவக்காலத்தை விட நீளம். ஆதித் திருச்சபையில் அந்த இரவில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் எட்டு நாள் வெள்ளை உடையோடு கோயிலுக்கு வந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் ஈஸ்டர் வாரம் முழுக்க அவர்களுக்குத் தனிப் போதனை நடந்தது, ஆயர் சிரிலின் பெயரில் அந்த உரைகள் இன்றும் கிடைக்கின்றன. அவர்களுக்குத் தொடக்கமாக இருந்தது நமக்கு முடிவாகிவிட்டது. குடியை விட்டவர்கள் இந்த ஐம்பது நாளும் அன்பியம் வாரியாக, அதாவது பங்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்த சின்னக் குழுக்களாகக் கூடட்டும், பெந்தகோஸ்து அன்று பீடத்துக்கு முன்னால் மறுபடி வாக்குக் கொடுக்கட்டும் என்று பங்குப் பேரவையில் கேட்கப் போகிறேன். என்ன சொல்கிறீர்கள்?

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள், திருச்சபை அழாதே, மண்டியிடாதே, எழுந்து நில் என்று சொல்கிறது. ஒரு நாள் மட்டும் என்று கூடச் சொல்ல முடியாது, நீங்கள் சொன்ன ஐம்பது நாளும் அப்படித்தான். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தின் இருபதாம் விதி, ஞாயிறுகளிலும் பாஸ்காக் காலத்திலும் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும், முழந்தாளிடக் கூடாது என்கிறது. அப்படிப்பட்ட காலத்தை எடுத்து இன்னொரு தவக்காலமாக மாற்றச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஈஸ்டர் மத்தியானம் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இனிப்பும், எதிர்வீட்டு பாய்க்குச் சாப்பாடும் போகும், தீபாவளிக்கு ஆச்சி வீட்டுப் பலகாரம் வரும். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் யார் எங்கே போகிறான் என்று பங்குப் பேரவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் அவன் சாம்பல் வாங்கவே வரமாட்டான். குடிக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, பண்டிகையைப் பண்டிகையாக விடுங்கள் என்கிறேன்.

விடியற்காலை ஆராதனை:
சி.எஸ்.ஐ.யிலிருந்து எழுதுகிறேன். இரண்டு அண்ணன்மாரும் பேசுவதில் ஒரு விஷயம் கண்ணிலேயே படவில்லை. ஈஸ்டர் நம்முடைய பழக்கத்தைப் பற்றிய நாள் இல்லை, செத்துப் புதைக்கப்பட்ட ஒருவர் உயிரோடு எழுந்ததைப் பற்றிய நாள். அது நடக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஒருவன் குடியை விட்டதை வைத்தா உயிர்த்தெழுதலை அளக்கிறீர்கள்? குடியை விட வைக்க மருத்துவமனை போதும், யோகா வகுப்பு கூடப் போதும். கல்லறையைத் திறக்க அவை போதாது.

நாங்கள் இருட்டோடு ஆராதனைக்குப் போகிறோம். இந்த விடியற்கால ஆராதனைக்கு ஒரு நல்ல தொடக்கம் உண்டு. 1732-இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்கிற ஊரில் மொரேவிய சபை வாலிபர்கள் ஈஸ்டர் விடியலில் தங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடினார்கள். அவர்கள் போனது தீர்மானம் எடுக்க இல்லை. தங்கள் ஜனம் அங்கே படுத்திருக்கிறது, அவர்களும் எழும்புவார்கள் என்று நம்பிப் போனார்கள். என் அப்பாவின் கல்லறையில் நான் நிற்கிறபோது எனக்கு வேண்டியது அந்த நம்பிக்கை. புது வருஷத் தீர்மானம் ஜனவரி ஒன்றிலேயே எடுத்துவிட்டேன்.

புதுவயல் விசுவாசி:
ஸ்தோத்திரம். அருமையான சகோதரர்களே, வேதத்தில் ஈஸ்டர் கொண்டாடுங்கள் என்று கட்டளை இல்லை. சீஷர்கள் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள், அப்படியானால் ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுந்த நாள்தான். வருஷத்துக்கு ஒரு நாள் என்று வைத்ததால்தான் வருஷத்துக்கு ஒரு நாள் மனந்திரும்புகிறார்கள். எங்கள் சபையில் ஒருவன் எப்போது மனந்திரும்புகிறானோ அப்போது ஞானஸ்நானம், தேதி பார்ப்பதில்லை. கண்மாயில் தண்ணீர் இருந்தால் கண்மாய், வற்றிப்போனால் தொட்டி. பழைய மனுஷன் தண்ணீருக்குள் அடக்கம்பண்ணப்படுகிறான், புது மனுஷன் எழும்புகிறான், ரோமர் ஆறாம் அதிகாரம். தேதிக்காக நீங்கள் போட்ட சண்டை கொஞ்சமா? அமாவாசை பௌர்ணமி பார்த்துத்தானே ஈஸ்டரையே வைக்கிறீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
பாஸ்டர் ஐயா, பௌர்ணமி பார்ப்பது ஜோசியம் இல்லை. ஆண்டவர் பாடுபட்டது யூதர்களின் பஸ்கா நேரத்தில், பஸ்கா பௌர்ணமியைச் சேர்ந்து வருவது. மார்ச் 21-இல் அல்லது அதற்குப் பின் வருகிற பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு, அதனால்தான் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25 வரை தேதி நகர்கிறது. சண்டை நடந்தது உண்மைதான், ஆனால் அந்தச் சண்டையை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஏறக்குறைய 155-இல் ஸ்மிர்னாவிலிருந்து முதிய ஆயர் பொலிகார்ப் ரோமுக்கு வந்து ரோம் ஆயர் அனிசேத்தோடு இதைப் பேசினார். பொலிகார்ப்பின் பக்கத்துச் சின்ன ஆசியாக்காரர்கள் யூத மாதமான நிசானின் 14-ஆம் நாள் என்றார்கள், ரோமாபுரியார் ஞாயிறு என்றார்கள், இருவரும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியும் அனிசேத் தன் கோயிலில் பொலிகார்ப்பையே நற்கருணை வழிபாட்டை நடத்தச் சொன்னார், சமாதானமாகப் பிரிந்தார்கள்.

செக்காலைக்காரன்:
விடியற்காலை நண்பரே, உயிர்த்தெழுதலைக் குடியை வைத்து நான் அளக்கவில்லை. அது நடந்தது என்று நம்புகிறவன் வீட்டில் அதனால் என்ன நடக்கிறது என்று கேட்கிறேன். நம் மண்ணிலேயே பாருங்கள். மறவ நாட்டுத் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது சேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) சும்மா தண்ணீர் ஊற்றி அனுப்பவில்லை, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார், தேவரும் மற்ற மனைவிகளை அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுப் பெண், அந்தக் கோபம்தான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலையை வாங்கியது. 1947-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள், இன்றைக்கும் ஓரியூர் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறோம். புது வாழ்வு என்று ஒன்று தொடங்கினால் வீட்டில் ஏதாவது மாற வேண்டும், அதற்கு ஒரு விலையும் இருக்கும்.

கண்ணங்குடி மருமகள்:
அண்ணே, அந்தத் தடியத்தேவர் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அனுப்பப்பட்ட அந்தப் பெண்கள் எங்கே போனார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை. புது வாழ்வு அவருக்கு, விலை அவர்களுக்கும் சேர்த்து. அருளானந்தர் மேல் எனக்குப் பக்தி உண்டு, வருஷா வருஷம் ஓரியூர் போகிறவள்தான், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் எல்லோரும் பேசுகிற அந்த நாற்பது நாளை நான் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவள். அந்த நாட்களில் சம்பளம் முழுதாக என் கைக்கு வரும். அடகில் இருக்கிற தோட்டை மீட்டுவிடுவேன், ரசீதைக் கிழித்துப் போடுவேன், பள்ளிக்கூடத்துப் பாக்கியைக் கட்டுவேன். சாயந்திரம் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓட மாட்டார்கள், வாசலுக்கு வருவார்கள். குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டால் எனக்குப் பயம் பிடித்துவிடும், இன்னும் ஒரு வாரம்தான் என்று. ஊரே அல்லேலூயா பாடுகிற ராத்திரியில் நான் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு மறுநாள் மத்தியானத்தை நினைத்துக்கொண்டு நிற்பேன். ரஸ்தா அண்ணே, பண்டிகையைப் பண்டிகையாக விடச் சொல்கிறீர்கள். யாருக்குப் பண்டிகை? கல்லறைக்கு முதலில் போனது பெண்கள், செய்தியை முதலில் வாங்கியது மகதலா மரியா. அவரிடம் கேட்டீர்களா என்று இருக்கிறது எனக்கு.

தேவகோட்டை ரஸ்தா:
தங்கச்சி, நீங்கள் எழுதியதை வீட்டிலும் படித்துக் காட்டினேன். அதைப் படித்தபிறகும் பீடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுக்க வைப்பதை எதிர்க்கிறேன், காரணம் சொல்கிறேன். குடி முற்றிவிட்டால் அது நோய். தினமும் அதிகமாகக் குடிப்பவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு கூட வரும், டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் அது, அதைச் சொல்லாமலேயே வருஷா வருஷம் தவக்காலத்தில் விடச் சொல்கிறோம். எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தவன் ஒரு நாள் தவறினால் அடுத்த ஞாயிறு கோயில் பக்கமே தலைகாட்ட மாட்டான், கேவலம் தாங்காமல் இன்னும் குடிப்பான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படியே போய்ச் சேர்ந்தார். குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற, 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் பெயரை வெளியே சொல்லாததும், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று பேசுவதும் சும்மா இல்லை. அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் பங்கு மண்டபத்தில் ஒரு அறை கொடுங்கள், பூட்டுச் சாவியையும் கொடுங்கள், நானே வந்து நாற்காலி போடுகிறேன். பீடத்துக்கு இழுக்காதீர்கள்.

சருகணிப் பேரன்:
எல்லோரும் தனி ஆளின் புது வாழ்வையே பேசுகிறீர்கள். ஊருக்குப் புது வாழ்வு வேண்டாமா? திருவிழிப்பில் ஏற்றுகிற பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியில் அந்த வருஷத்து எண்ணைப் பொறிக்கிறோம், அல்ஃபா ஒமேகா எழுதுகிறோம், ஐந்து காயத்துக்கு ஐந்து சாம்பிராணி மணி குத்துகிறோம். அந்த ஒரு திரியிலிருந்து எடுத்த நெருப்பு கை மாறிக் கை மாறிக் கோயில் முழுக்கப் போகிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று அந்த இருட்டில் யாரும் பார்ப்பதில்லை. பெந்தகோஸ்துக்கு அப்புறம் அதே திரி ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் நிற்கும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் ஏற்றுவோம், அடக்கப் பூசையில் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஏற்றுவோம். அதுவரைக்கும் எல்லோரும் ஒன்று. பெட்டி கோயிலை விட்டு வெளியே போனதும் இந்தச் சாதிக்கு இந்தக் கல்லறை, அந்தச் சாதிக்கு அந்தக் கல்லறை. தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் இது நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும், என் அம்மா ஊரிலும் நடக்கிறது. காலியான கல்லறையைக் கொண்டாடுகிற மதத்தில் நிறைந்த கல்லறைகளுக்கு நடுவில் சுவர் நிற்கிறது. சருகணியில் 1973-இல் மறைந்த சேசு சபைக் குரு லெவே சாமியார் கல்லறைக்கு எந்தச் சாதிக்காரரும் வருகிறார், எந்த மதத்துக்காரரும் வருகிறார். அங்கே முடிகிறது என்றால் மற்ற இடத்திலும் முடியும். பேரவையில் ஒன்றைக் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள் அண்ணே.

புதுவயல் விசுவாசி:
இது சபைகளிலும் இருக்கிறது சகோதரரே. ஒரே தொட்டியில் இறங்கி எழும்பியவர்கள் கல்யாணப் பேச்சு என்று வந்தால் சாதி விசாரிக்கிறார்கள். கர்த்தர் இதைக் கேட்பார்.

விடியற்காலை ஆராதனை:
சருகணித் தம்பி, நான் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுதியபோது சொல்ல வந்ததை நீங்கள் இன்னும் பலமாகச் சொல்லிவிட்டீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவரோடு சேர்ந்து எழும்புவோம் என்று நம்புகிறவன் பக்கத்தில் யார் படுக்கலாம் என்று தேர்ந்தெடுக்க முடியாது. குடியை விடுவதை விட இது உயிர்த்தெழுதலுக்கு நேரடியாகச் சேர்ந்த விஷயம்.

கண்ணங்குடி மருமகள்:
நேரடியாக, சுற்றி என்று தரம் பிரிக்காதீர்கள் அண்ணே. சுவர் இடிய வேண்டும், எனக்கும் அதுதான் ஆசை. வீட்டுக்குள் அடி வாங்குகிறவளுக்குச் சுவர் முதலிலா, வீடு முதலிலா என்று நீங்கள் வரிசை போட்டுக் கொடுக்க முடியாது.

செக்காலைக்காரன்:
சரி, என் நிலையைச் சொல்கிறேன். ஐம்பது நாள் கூட்டம் வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. பீடத்து வாக்கும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், திருவிழிப்பில் நாம் கொடுப்பதே பொதுவில் கொடுக்கிற வாக்குத்தானே, அதை மெய்யாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். ரஸ்தா அண்ணன் சொன்ன அறையும் கேட்கிறேன், டாக்டர் விஷயமும் சேர்க்கிறேன். கல்லறைச் சுவரை அதே கூட்டத்தில் தனித் தீர்மானமாக வைக்கிறேன், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் இரண்டையும் ஒரே மூச்சில் தள்ளிவிடுவார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பேரவை கூடுகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
வருகிறேன். அறைக்கும் சுவருக்கும் கை தூக்குவேன், பீடத்து வாக்குக்கு எதிராகப் பேசுவேன்.

கண்ணங்குடி மருமகள்:
காலைப் பூசை முடிந்ததும் என்றால் நாங்கள் எல்லோரும் உலை வைக்க ஓடியிருப்போம். சாயந்திரம் ஆறு மணிக்கு வையுங்கள். அன்பியத்திலிருந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், உட்கார இடம் போட்டு வையுங்கள்.