மீட்புப் பணியை நாமே படமெடுப்பது: எதைக் காட்டலாம், எதை விடலாம்?

ஏணிப்படி:

எல்லோருக்கும் வணக்கம். தீயணைப்பில் இருக்கிறேன், இடிபாடு மீட்புக் குழுவிலும் போய் வருகிறேன். எங்கள் ஷிஃப்டில் இன்னொருவனுக்கு வேலையில் சேரும் முன்பே கேமரா, எடிட்டிங் பழக்கம் உண்டு. இருவரும் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஹெல்மெட் கேமராவில் பதிவானது, ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசியது, சிலர் வீட்டில் மனைவி பிள்ளைகளோடு எடுத்தது என்று ஏகப்பட்டது சேர்ந்துவிட்டது. சாகசப் படம் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்தான். வண்டி ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது, யாருக்குத் தூக்கம் போனது, யார் வீட்டில் பேச்சு குறைந்தது, அதைத்தான் சொல்ல நினைக்கிறோம்.

ஆனால் ஒட்டிப் பார்த்தால், மீட்புக் காட்சி வந்ததும் மற்றதெல்லாம் செத்துப்போகிறது. ஒருவர் மனம்விட்டுப் பேசிய பேச்சு முழுவதையும், இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீளும் சில வினாடிகள் விழுங்கிவிடுகின்றன. போதாததற்கு, முதலில் தயங்காமல் பேசிய ஒரு சீனியர் இப்போது "நான் பேசியதை எடுத்துவிடு" என்கிறார். படத்தின் உயிரே அவர்தான். அப்புறம், எடிட் செய்கிற நண்பன் கொஞ்ச நாளாகவே சரியில்லை, கேட்டால் தூக்கம் இல்லை என்கிறான், களத்தில் கூட அவன் இப்படி இருந்ததில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெட்டுமேசை:

எடிட்டராகச் சொல்கிறேன். 2001-இல் நியூயார்க்கில் ஜூல், கெடியோன் நோடே என்ற பிரெஞ்சு சகோதரர்கள், ஜேம்ஸ் ஹான்லன் என்ற தீயணைப்பு வீரரோடு சேர்ந்து எடுத்த படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். டுவேன் தெரு ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் எப்படித் தேறி வருகிறான் என்பதுதான் அவர்கள் முதலில் எடுக்க நினைத்த கதை. செப்டம்பர் 11 காலை, கேஸ் வாடை வருகிறது என்ற சாதாரண அழைப்புக்கு ஜூல் கேமராவோடு கூடப் போனார், அங்கே நின்றிருந்தபோதுதான் முதல் விமானம் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதியது பதிவானது.

எல்லோரும் அந்த ஷாட்டைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு முக்கியம், அவர் எடுக்காமல் விட்டது. அந்தக் கோபுரத்தின் லாபிக்குள் நுழையும்போது பக்கத்திலேயே இருவர் எரிந்துகொண்டிருந்தார்கள். யாரும் இதைப் பார்க்கக் கூடாது என்று அந்த நொடியிலேயே முடிவெடுத்து, கேமராவை அந்தப் பக்கம் திருப்பவில்லை. மேலிருந்து மனிதர்கள் விழுவதும் அப்படித்தான், நமக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது, லாபியில் நிற்கும் வீரர்களின் முகம் தெரிகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்? உங்களிடமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த யாராவது ஒருவரின் முகம் பதிவாகியிருக்கும், தேடுங்கள்.

இன்னொன்று, மீட்புக் காட்சியை உச்சக்கட்டத்தில் வைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே காட்டி முடித்துவிடுங்கள். பிடித்துவைத்தால் பார்ப்பவன் அதற்காகவே காத்திருப்பான், நடுவில் யார் அழுதாலும் அவனுக்கு இடைவேளைதான். நோடே படத்தில் என்னை உலுக்கியது, எல்லாம் முடிந்து ஸ்டேஷனுக்கு ஒவ்வொருவராக வந்து சேரும் பகுதி. நகரத் தீயணைப்புத் துறையில் அன்று 343 பேர் இறந்தார்கள், அந்த ஸ்டேஷன்காரர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். நாம் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி அவர்களை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல இடிபாடே தேவைப்படவில்லை.

பழையபூட்ஸ்:

தம்பி, நான் ஓய்வு பெற்றவன், படம் எடுக்கத் தெரியாது. இடிபாட்டில் ஒரே ஒரு நீண்ட விசில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எல்லா மெஷினையும் நிறுத்தி, பேச்சை நிறுத்தி, அடியில் யாராவது தட்டுகிறார்களா, முனகுகிறார்களா என்று காது கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கோணம் பார்த்து ஓரடி நகர்கிறவனை நானாக இருந்தால் அப்போதே வெளியே அனுப்பிவிடுவேன். ஹெல்மெட்டில் தானாக ஓடும் கேமராவோடு எனக்குச் சண்டை இல்லை, கையில் கேமரா பிடித்தவன் மீட்புக்கு ஆள் கணக்கில் வர மாட்டான், அவ்வளவுதான்.

சீனியர் விஷயத்தில் பேரமே பேசாதே, எடுத்துவிடு. வெளியாள் வந்து கேட்டால் நாங்கள் வாயே திறக்க மாட்டோம். நீ அதே குழாயைப் பிடித்தவன் என்பதால் உன்னிடம் சொன்னார். படம் வெளியே போனால் மேலதிகாரியும் பார்ப்பார், 'இவர் களத்துக்கு லாயக்கா' என்று ஃபைல் ஓடும், அந்த பயம் பொய்யில்லை.

உடம்பையும் காட்டு. மனசு மனசு என்கிறீர்கள், சரிதான், ஆனால் தீயணைப்பு வேலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-இல் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது, புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பிரிவு. நியூயார்க்கில் அன்று கோபுரங்கள் இடிந்த தூசியால் வந்த நோய்களில் பின்னால் இறந்த வீரர்களின் எண்ணிக்கை அந்த 343-ஐயும் தாண்டிவிட்டது. இருமலை யார் படமெடுக்கிறார்கள்? கரி படிந்த கோட்டைக் கழற்றுவதையும் துவைப்பதையும் எடு, அதற்குச் சோம்பேறித்தனப்பட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகிறவனையும் எடு.

கரையோரம்:

பழையபூட்ஸ் ஐயா சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிரியாவில் வெள்ளை ஹெல்மெட் மீட்புக் குழுவினர் பதிவு செய்யாமல் இருந்திருந்தால் போரின்போது அலெப்போ நகரத்தில் நடந்தது பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது. அவர்களைப் பற்றிய 2016-ஆம் ஆண்டுக் குறும்படத்துக்கு உள்ளே இருந்து படமெடுத்த காலித் கதீப் அந்தக் குழுவின் ஆள்தான். படம் ஆஸ்கர் வாங்கியது, அவரால் விழாவுக்கு அமெரிக்கா போகக்கூட முடியவில்லை. அங்கே கேமரா சாட்சி சொல்கிற வேலை செய்தது.

பழையபூட்ஸ்:

சரி, அது போர். அங்கேயும் அவர் வேலை படமெடுப்பது என்று எல்லோருக்கும் தெரியும் இல்லையா? நான் சொல்வதும் அதுதான், அன்றைக்கு யார் எந்த வேலை என்று களத்துக்குப் போகும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இரவுப்பணி:

மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். எல்லோரும் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு அந்த எடிட் செய்கிற நண்பரைப் பற்றித்தான் கவலை. களத்தில் ஒருமுறை நடந்ததை அவர் திரும்பத் திரும்ப, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். களத்தில் செய்வதற்கு ஏதாவது இருக்கும், திரைமுன் கை கட்டிப் பார்க்கத்தான் முடியும். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில், பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) இருக்கிறதா என்று முடிவுசெய்ய, திரையில் பார்ப்பது பொதுவாகக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு, அது வேலையின் பகுதியாக இருந்தால் வரும் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது எடிட்டருக்கும் பிடிஎஸ்டி வரலாம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: கடினமான துணுக்குகளுக்குப் பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வையுங்கள், தெரியாமல் திறக்கக் கூடாது. முதல் சுற்றில் ஒலியை அணைத்துவிட்டு, திரையில் சின்ன அளவில் பாருங்கள், பலருக்குப் படத்தைவிடச் சத்தம்தான் மனதில் தங்குகிறது. படுக்கும் முன் எடிட் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். அதற்காக அவரை உட்காரவைத்து "எல்லாவற்றையும் சொல்லிவிடு" என்று ஒரே அமர்வில் வற்புறுத்தவும் வேண்டாம், அப்படிச் செய்யும் டீப்ரீஃபிங் பிடிஎஸ்டியைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்து பல வருடமாகிறது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரத் தெரிந்த ஒருவரிடம் கூட்டிப்போங்கள். படம் காத்திருக்கும்.

ஏணிப்படி:

ரொம்ப நன்றி. ஹார்டு டிஸ்க்கை அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன், திட்டினான், பரவாயில்லை. சீனியர் பகுதியை எடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னதும், குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அவரே யோசிக்கிறார், நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு கேள்வி: மீட்கப்பட்டவர் அப்போது சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. அவர் முகம் தெரிகிற ஷாட்டை என்ன செய்வது?

வெட்டுமேசை:

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், உடையையும் குரலையும் வைத்தே வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் குணமான பிறகு, கேமரா இல்லாமல் போங்கள், முடிந்தால் அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகப் பேசுங்கள். அவரைக் காப்பாற்றியவரே போய்க் கேட்டால் மறுக்க மனசு வராது, அதனால் கேட்பது நீங்களாக இருக்கக் கூடாது. அவர் பார்க்க விரும்பினால் மட்டும் அந்த ஷாட்டைக் காட்டுங்கள், பலருக்கு அந்த நேரம் நினைவிலேயே இருக்காது. சம்மதம் சொன்னாலும் படம் முடிந்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள். இறந்துபோனவர் என்றால் குடும்பம், குடும்பமும் இல்லையென்றால் அந்த ஷாட்டை வெட்டிவிடுங்கள். ஹெல்மெட் கேமரா பதிவு உங்கள் சொந்தமா, துறையின் சொத்தா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாம் ஒட்டி முடித்த பிறகு அதில் மாட்டிக்கொண்டால் படமே பெட்டிக்குள் போய்விடும்.