தவறான விடைகளைச் சேர்த்ததும் இரு தேர்வுகளின் மதிப்பெண் இணைப்பு மோசமாகிறது: எதைச் சரிபார்க்க வேண்டும்?

குடியாத்தம் ஆசிரியர்:
வணக்கம். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கான இரண்டு மாதிரித் தேர்வுகளில் ஒன்றைக் குடியாத்தம் மாணவர்களும் மற்றொன்றைக் காட்பாடி மாணவர்களும் எழுதினார்கள். இரண்டுக்கும் பொதுவான கொள்குறி வினாக்கள் சிலவே என்பதால், சரி, தவறு என்று மட்டும் கொண்டு ஸ்டாக்கிங்–லார்ட் என்னும் இணைப்பு முறையில் இரு தேர்வுகளையும் ஒரே திறன் அளவுக்குக் கொண்டுவந்தபோது, ஒரு பொது வினாவை நீக்கினாலே இணைப்பு மாறிலிகள் (ஒரு தேர்வின் அளவை மற்றதன் அளவாக மாற்றும் இரண்டு எண்கள்) பெரிதும் மாறின. ஆகவே எந்தத் தவறான தெரிவைக் குறித்தார்கள் என்பதையும் சேர்த்து, ஒவ்வொரு தெரிவையும் குறிக்கும் நிகழ்தகவைத் திறனோடு தொடர்புபடுத்தும், பாக் 1972இல் முன்வைத்த பெயரளவு மறுமொழி மாதிரிக்கு மாறினேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. வழிகாட்டுங்கள்.

வேலூர் உறுப்பினர்:
ஐயா, தாங்கள் எடுத்த வழி சரியானதே. வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டைக் கேட்கும் வினாவில் 1801 என்று குறித்தவர் மருது சகோதரர்களின் காலத்தோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். 1857 என்று குறித்தவர் சிப்பாய்கள் என்றதுமே பெருங்கிளர்ச்சியை நினைத்திருக்கலாம். இருவரின் திறனும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1806 அல்ல என்பதற்காக இருவருக்கும் ஒரே சுழியம் இட்டால் அந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. ஆனால் பார்த்து எழுதுவதைத் தடுக்க இரண்டாம் தாளில் தெரிவுகளின் வரிசையை மாற்றினீர்களா? விடைக்குறிப்பு அந்தந்தத் தாளுக்குத் தனியே இருந்திருந்தால், சரி, தவறு கணக்கில் அது தெரியாது. இங்கோ ‘ஆ’ என்பது இரண்டு தாள்களிலும் ஒரே விடையைக் குறிக்க வேண்டும்.

குடியாத்தம் ஆசிரியர்:
ஆம் அம்மா, மாற்றியிருந்தோம். விடையின் உள்ளடக்கத்தை வைத்துக் குறியீடுகளை மீண்டும் இட்டேன். மாறிலிகள் ஓரளவு நிலைகொண்டன. எனினும் பழைய முறையைவிடப் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை.

ஆற்காடு உறுப்பினர்:
ஸ்டாக்கிங்–லார்ட் அளவுகோல் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண்ணை ஒப்பிடுகிறது. தவறான தெரிவுகள் அனைத்துக்கும் சுழியமே மதிப்பெண் என்பதால், இணைக்கும் கட்டத்தில் அவை மீண்டும் விடுபட்டுவிடுகின்றன. ஹேபரா முறையைப்போல ஒவ்வொரு தெரிவின் நிகழ்தகவு வளைவையும் தனித்தனியே ஒப்பிடும் அளவுகோலைப் பயன்படுத்துங்கள். திறன் அளவை A மடங்காக்கி B கூட்டினால் (இவையே அந்த இணைப்பு மாறிலிகள்), எல்லாத் தெரிவுகளின் சாய்வும், அதாவது திறனோடு தெரிவின் ஈர்ப்பு மாறும் வேகத்தைக் காட்டும் எண்ணும், அதே A ஆல் வகுபடும். ஆகவே ஒரே வினாவின் நான்கு வளைவுகளும் அதே இரண்டு மாறிலிகளுக்குச் சான்று தருகின்றன. மிகச் சிலரே குறித்த தெரிவின் வளைவு நம்பத்தக்கதாக அமையாது என்பதால், அதை இரண்டு தாள்களிலும் ஒரே விதமாக வேறொரு தவறான தெரிவோடு சேர்த்துவிடுங்கள். ஏதேனும் ஒரு தெரிவு மட்டும் ஒத்த திறனுடைய மாணவர்களிடையே காட்பாடியில் ஒருவிதமாகவும் குடியாத்தத்தில் வேறுவிதமாகவும் ஈர்த்திருந்தால், கற்பித்த முறையில் வேறுபாடு உண்டா என்று பாருங்கள். அந்த வினாவைச் சரி, தவறு என்ற அளவில் மட்டும் இணைப்பில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.