"45 நிமிடத்தில் புது வாழ்க்கை": எந்த 45 நிமிடம்?

ஊசிமுனை:
பிலிப்பைன்ஸ் போகிற தன்னார்வ மருத்துவக் குழுவுக்கு நன்கொடை கேட்டு 'கைகொடுப்போம்' நேற்று இங்கே போட்ட வேண்டுகோளில் ஒரு வரி: "உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு 45 நிமிடத்தில் புது வாழ்க்கை." குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கிற எனக்கு அதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

ஆறு மாதக் குழந்தை, ஆறு கிலோ என்று வையுங்கள். முகமூடியில் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்துத் தூங்க வைக்கணும். பால் சரியாகக் குடிக்க முடியாமல் மெலிந்த குழந்தைக்குக் கையில் நரம்பு லேசில் அகப்படாது. பிறகு மூச்சுக்குழாய்க்குள் 3.5 அளவு டியூப், அதுவும் கீழ்நோக்கி வளைந்த ரே டியூப், கீழ் உதட்டின் நடுவில் ஒட்டணும். கொஞ்சம் ஓரமாக இழுத்து ஒட்டினாலும் வாய் கோணும். கோணின வாயில் சர்ஜன் வைக்கிற புள்ளி எல்லாம் தப்பு. டியூப் நழுவி ஒரே நுரையீரலுக்குள் போய்விட்டதா என்று இரண்டு பக்கமும் கேட்கணும். ரத்தம் உள்ளே இறங்காமல் தொண்டையில் ஈரத்துணி அடைத்து, அடைத்ததைப் பலகையில் எழுதணும். பழகின கைக்கே 20 நிமிடம். கடைசியில் துணியை எடுத்து, ரத்தத்தை உறிஞ்சி, குழந்தை கண் விழித்துக் கைகால் உதைக்கும்வரை காத்திருந்து டியூபை எடுக்க இன்னொரு 15. ஆக 35 போச்சு. மிச்சம் 10 நிமிடத்தில் உதடு தைக்கிறவர் யார்?

கத்தியும்நூலும்:
உங்கள் 35-ஐ எங்கள் கணக்கில் ஏற்றாதீர்கள் சார். 45 என்பது கத்தி வைத்ததிலிருந்து கடைசி முடிச்சு வரை. ஒருபக்கப் பிளவு, அதுவும் மூக்கடி வரை திறக்காத அரைப் பிளவு என்றால் கை பழகிய சர்ஜனுக்கு 45 தாராளம். அமெரிக்க சர்ஜன் மில்லார்ட் 1950-களில் கொரியாவில் உருவாக்கிய அதே திருப்பி-நகர்த்தும் முறைதான்: ஒரு பக்கச் சதையைக் கீழே திருப்பி, மறுபக்கத்தை உள்ளே நகர்த்தி, உதட்டுத் தசையை மூக்கின் அடியிலிருந்து விடுவித்து நேருக்கு நேர் சேர்ப்பது. தசைக்கு 5-0 அளவு விக்ரில் நூல், தோலுக்கு அதைவிட மெல்லிய 6-0. தெரிந்தவனுக்குத் தெரியும்.

ஊசிமுனை:
வேண்டுகோளில் "கத்தி வைத்ததிலிருந்து" என்று எங்கே இருக்கிறது? "அரைப் பிளவு" என்று எங்கே இருக்கிறது? படிக்கிற ஆசிரியரும் கடைக்காரரும் குழந்தை உள்ளே போய் 45 நிமிடத்தில் வெளியே வரும் என்றுதானே நினைப்பார்கள்?

சரி, கத்திக் கணக்கே வரட்டும். மெத்திலீன் நீலச் சாயத்தை ஊசி நுனியில் தொட்டு உதட்டு வளைவின் இரண்டு உச்சியையும், சிவப்பு தொடங்கும் கோட்டையும் குறிக்காமல் யாரும் கத்தி எடுப்பதில்லை. ஊசி மருந்து போட்டதும் சதை வீங்கி அந்தக் கோடு மறைந்துவிடும் என்பதால் குறிப்பது முதலில், ஊசி பிறகு. ரத்தக் கசிவைக் குறைக்க அந்த மருந்தில் கலந்த அட்ரினலின் வேலை செய்ய 7 நிமிடமாவது காத்திருக்கணும். காத்திருக்காமல் வெட்டினால் ரத்தம் துடைப்பதிலேயே நேரம் போகும். அந்த நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? உங்கள் கணக்கிலும் இல்லை, என் கணக்கிலும் இல்லையா?

மருந்துப்பெட்டி:
எது முதல் எது வரை என்று முதலில் பேசி முடித்துவிட்டால் நல்லது. தியேட்டர் பதிவேட்டில் அறைக்குள் வந்த நேரம், மயக்கம் தொடங்கிய நேரம், வெட்டு, கடைசித் தையல், வெளியேறிய நேரம் என்று ஐந்து பத்தி இருக்கிறது. எந்தப் பத்தி என்று சொன்னால் போதும்.

கத்தியும்நூலும்:
நான் சொல்லியாயிற்று. 45 நிமிடம் முடியும். செய்கிறவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். முகமூடி பிடித்துக்கொண்டு கடிகாரம் பார்க்கிறவர்களுக்கு நேரம் நீளமாகத்தான் தெரியும்.

ஊசிமுனை:
அந்த முகமூடியை யாரும் பிடிக்காவிட்டால் உங்கள் கத்திக்கு வேலையே இல்லை டாக்டர்.

எட்டு மணி நேர வேலை நாளை 45-ஆல் வகுத்தால் ஒரு டேபிளுக்குப் பத்துக் குழந்தை. ஐந்து டேபிள், ஐந்து நாள் என்றால் 250 வரணும். அப்படி ஓடுகிற ஐந்து டேபிள் முகாம் எது? ஒரு டேபிளுக்கு நாளுக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து. ஆக நூறிலிருந்து நூற்றிருபத்தைந்து. பாதி எங்கே போச்சு? உங்கள் 45 விழுங்கிவிட்டது.

மருந்துப்பெட்டி:
பாதி எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரில் போகிறது. 134 டிகிரியில் பிடித்துவைப்பது சில நிமிடம்தான். சூடேற, நீராவி வெளியேற, பொதி காய, ஆற என்று ஒரு சுற்று முக்கால் மணியைத் தாண்டும். அவசரப்பட்டு ஈரப் பொதியை எடுத்தால் அது சுத்தமான பொதி இல்லை, திரும்ப உள்ளே போகணும். ஐந்து டேபிளுக்கு எட்டே கருவி செட் கொண்டுபோனால் மதியத்துக்குள் கையில் செட் இருக்காது, குழந்தைகள் வெறும் வயிற்றோடு வரிசையில் கிடக்கும். 45 நிமிடம் என்று எழுதுகிறவர் அதற்கு எத்தனை செட் வேணும் என்றும் எழுதணும்.

இன்னொன்று. பிலிப்பைன்ஸில் மின்சாரம் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஆனால் சுவரில் இருப்பது அமெரிக்கத் தட்டை முள் பிளக். 110 வோல்ட் அமெரிக்கக் கருவி அதில் அழகாகப் பொருந்தும், சொருகினதும் எரியும். உறிஞ்சும் பம்பு, மானிட்டர், ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் காட்டரி எல்லாவற்றுக்கும் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேணும். காட்டரி உச்சத்தில் இழுக்கிற வாட்டைப் பார்த்து வாங்கணும், சின்னது வாங்கினால் முதல் நாளே தீய்ந்துபோகும். ஆக்சிஜனும் அப்படித்தான். 660 லிட்டர் ஈ-சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் ஐந்தரை மணி நேரம் வரும் என்று தாளில் எழுதுவார்கள். ஆக்சிஜன் அழுத்தத்திலேயே ஓடுகிற வென்டிலேட்டராக இருந்தால் அந்தக் கணக்கு மதியமே பொய்யாகும்.

ஊசிமுனை:
மருந்துப்பெட்டி சொல்வது என் பக்கத்துக்குத்தான் சாட்சி.

மருந்துப்பெட்டி:
நான் யார் பக்கமும் இல்லை. எந்தப் பத்தி என்று நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கைகொடுப்போம்:
வேண்டுகோளை எழுதியது நான்தான். 45 என் கற்பனை இல்லை. இந்தத் துறையின் பெரிய அமைப்புகளே பல ஆண்டுகளாக "45 நிமிடத்திலேயே" என்று சொல்லித்தான் நிதி திரட்டுகின்றன. அமெரிக்க சர்ஜன் மகீயும் அவர் மனைவியும் 1982-ல் பிலிப்பைன்ஸின் நாகா நகரத்துக்குப் போனபோது வந்த குழந்தைகளில் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வேதனையில் பிறந்ததுதான் ஆபரேஷன் ஸ்மைல் என்ற அமைப்பு. ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கும் நேரத்தில் ஒரு குழந்தைக்கான நூலாவது வாங்கலாம். முயல் உதட்டோடு பள்ளிக்கூடம் போக முடியாமல் நிற்கிற பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொல்வீர்களா?

பேச்சுப்பாதை:
முதலில் அந்த "முயல் உதடு" என்ற சொல்லை எடுங்கள். நம் ஊரில் "கிரகண மூளி" என்று சொல்லி, கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே போனாள் என்று தாய் மேல் பழி போட்டது போதும். பிலிப்பைன்ஸில் "பிங்கொட்" என்கிறார்கள், அங்கேயும் அது கேலிச் சொல்தான். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு என்று சொல்ல நாக்கு வலிக்காது.

இரண்டாவது, இத்தனை பேர் பேசியும் ஒருவர் வாயிலிருந்தும் "அண்ணம்" (வாயின் மேற்கூரை) என்ற சொல் வரவில்லை. உதடு மட்டும் பிளந்திருக்கிற குழந்தை குறைவு. அண்ணமும் சேர்ந்து பிளந்ததுதான் அதிகம். உதடு தைத்தால் முகம் சேரும். பேச்சு எங்கே வரும்? அண்ணம் மூடாமல் வாய்க்குள் காற்றை அடக்க முடியாது. 'ப' சொல்லப்போனால் 'ம' வரும், 'ட' 'ண' ஆகும், 'க' தொண்டையடியில் முட்டி நிற்கும். அந்தப் பழக்கம் ஊறிப்போனால் பிறகு அண்ணத்தைத் தைத்தாலும் போகாது. இலங்கையின் காலியில் பிரிட்டிஷ் பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் 1984-ல் தொடங்கிய ஆய்வு இதைத்தான் காட்டியது. அறுவையே செய்யாமல் வளர்ந்தவர்களுக்கு மேல்தாடை நன்றாக வளர்ந்திருந்தது, ஆனால் வளர்ந்தபின் அண்ணம் மூடியவர்களுக்குப் பேச்சு பெரிதாகத் தேறவில்லை. அதனால்தான் ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் அண்ணம் மூடணும் என்கிறோம். அந்த அறுவை 45 நிமிடத்தில் முடியுமா?

கத்தியும்நூலும்:
மேடம், வேண்டுகோள் உதட்டைப் பற்றியது. அண்ணத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

பேச்சுப்பாதை:
"புது வாழ்க்கை" என்று எழுதியிருப்பதால் இழுக்கிறேன் டாக்டர். பேச்சு இல்லாத புது வாழ்க்கை எது?

ஊசிமுனை:
அண்ணம் என்றால் குறைந்தது ஒன்றரை மணி நேரம். டிங்மன் கருவியால் வாயைத் திறக்கும்போது அதன் தகடு நாக்கோடு சேர்த்து டியூபையும் நசுக்கும். சர்ஜன் கவனிக்க மாட்டார், காற்றழுத்தம் ஏறுவதைப் பார்த்து நான்தான் கத்தணும். நீண்ட நேரம் தகட்டைத் தளர்த்தாமல் வைத்தால் நாக்கு வீங்கி, டியூப் எடுத்தபின் மூச்சடைக்கும். அதற்குத்தான் நாக்கில் ஒரு தையல் போட்டு நூலைக் கன்னத்தில் ஒட்டி ரெக்கவரிக்கு அனுப்புகிறோம், வேண்டியபோது நாக்கை முன்னே இழுக்க. ரத்தக் கசிவு ராத்திரியிலும் வரலாம். அதனால் முகாமின் கடைசி நாளில் அண்ணம் எடுக்கவே கூடாது. ஆனால் 45 நிமிடம் என்று தலைக்குள் ஏறினவர்கள் கடைசி நாளிலும் "இன்னும் ஒன்று" என்பார்கள். என் கோபமே அதுதான்.

கத்தியும்நூலும்:
கடைசி நாளில் அண்ணம் எடுக்கலாம் என்று நான் எங்கே சொன்னேன்? வார்த்தையை என் வாயில் திணிக்காதீர்கள். போன வருடம் லிக்னோகெய்ன் (மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்து) விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

ஊசிமுனை:
நீங்களே ஞாபகப்படுத்தியது நல்லதாய்ப் போச்சு. "1 சதவீதமோ 2 சதவீதமோ, எத்தனை மில்லி என்றுதான் பார்க்கணும்" என்று எழுதினது நீங்கள். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை. ஆறு கிலோ குழந்தைக்கு 42. 1 சதவீதப் பாட்டிலில் 4.2 மில்லி, 2 சதவீதப் பாட்டிலில் 2.1 மில்லி. நன்கொடையாக வருகிற பெட்டியில் இரண்டும் கலந்தே வரும். அதோடு கன்னத்தில் வலி மறக்கப் பூபிவக்கெய்ன் என்ற இன்னொரு மரக்கும் மருந்து போட்டால் அந்த விஷமும் இதோடு கூடும், தனித்தனிக் கணக்கு கிடையாது. வலிப்பு வந்தபின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து என்ன பயன்?

கத்தியும்நூலும்:
உதட்டுக்கு நாங்கள் போடுவதே ஒன்று, ஒன்றரை மில்லி. எந்தப் பாட்டில் என்றாலும் எல்லைக்குள்தான். நான் எழுதின அர்த்தம் அதுதான். அன்றைக்கும் முழுசாகப் படிக்கவில்லை, இன்றைக்கும் படிக்கவில்லை.

நேரத்துக்கு வருகிறேன். வேகமாகத் தைக்கிறவன் அவசரக்காரன் இல்லை. மயக்க நேரம் குறைவது குழந்தைக்கு நல்லது. சிவப்புக் கோடு ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் படும் என்பது எங்களுக்குத் தெரியாதா? முகாமில் தோலுக்கு நைலான் போடாமல் கரையும் நூல் போடுகிறோமே, ஏன்? ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தையல் பிரிக்கணும், அப்போது குழு விமானத்தில் இருக்கும். அவ்வளவு யோசித்துத்தான் போகிறோம்.

பேச்சுப்பாதை:
ஏழாம் நாள் குழு விமானத்தில் இருந்தால், அண்ணத்தில் ஓட்டை விழுந்து மூக்கு வழியே கஞ்சி வருகிற பிள்ளையை யார் பார்ப்பது? அதனால்தான் 1999-ல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் அமைப்பு வெளியூர்க் குழு அனுப்பாமல் உள்ளூர் சர்ஜனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் கொடுக்கிறது. உள்ளூரில் ஆள் இருந்தால் ஆறு மாதத்தில் உதடு, ஒரு வயதில் அண்ணம், பிறகு வாராவாரம் பேச்சுப் பயிற்சி என்று போகலாம்.

கைகொடுப்போம்:
உள்ளூரில் ஆளே இல்லாத தீவுகளுக்கு என்ன பதில் மேடம்? படகில் ஒரு ராத்திரி பயணம் செய்து வருகிற தாய்க்கு "உங்கள் ஊரில் ஆஸ்பத்திரி வரட்டும்" என்பீர்களா? பிலிப்பைன்ஸ் சர்ஜன்களும் அங்கே டேபிளில் நிற்கிறார்கள், வெளியூர்க் குழு மட்டும் இல்லை.

ஊசிமுனை:
அந்தத் தாயைப் பற்றியே பேசுவோம். படகில் வந்த குழந்தைக்குச் சளி இருக்கும். சளியோடு மயக்கம் கொடுத்தால் குரல்வளை இறுகி மூச்சு நிற்கும். இரண்டிலிருந்து நாலு வாரம் தள்ளிப்போடணும். குழு இருப்பதோ ஒரு வாரம். பத்து வார வயது, பத்து பவுண்டு எடை, ரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் என்ற பழைய அளவுகோலில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தவறுகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். இவர்களுக்கெல்லாம் "வேண்டாம்" என்று சொல்கிற ஆள் நான். "45 நிமிட வேலைதானே டாக்டர், செய்துவிடுங்களேன்" என்று அந்தத் தாயைக் கெஞ்ச வைப்பது உங்கள் வரி.

கைகொடுப்போம்:
வரியை எடுத்தால் பணம் குறையும். பணம் குறைந்தால் டேபிள் குறையும். எடுக்க மாட்டேன்.

மருந்துப்பெட்டி:
"வெட்டு முதல் தையல் வரை" என்று நாலு சொல் சேர்த்தால் சண்டையே இல்லையே?

கத்தியும்நூலும்:
சேர்க்கத் தேவையில்லை. தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

ஊசிமுனை:
சேர்த்தாலும் பொய்தான். முழுப் பிளவுக்கும் இருபக்கப் பிளவுக்கும் வெட்டு முதல் தையல் வரையே 45 போதாது. இருபக்கம் என்றால் நடுச்சதை முன்னே துருத்திக்கொண்டு நிற்கும், அதன் இரு ஓரத்தையும் இழுத்துச் சேர்க்க ஒன்றரை மணி நேரம் போகும். அந்தப் பிள்ளை வேண்டுகோளில் இல்லை, படத்தில் மட்டும் இருக்கிறது. நீங்கள் ஒட்டியிருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது இருபக்கப் பிளவு.

கத்தியும்நூலும்:
படத்தில் இருப்பது ஒருபக்கம். நிழல் விழுந்திருக்கிறது.

பேச்சுப்பாதை:
"முயல் உதடு" இன்னும் அப்படியே இருக்கிறது.

ஊசிமுனை:
நிழலா? மூக்குத் தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள் டாக்டர். ஒருபக்கமென்றால் சாய்ந்திருக்கணும்.