15,000 ரூபாய்க்குள் பைனாகுலர்: மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு எது சரிப்படும்?

நயினார்குளத்தான்

வணக்கம். திருநெல்வேலி டவுனில் இருக்கிறேன், கூட்டுறவு வங்கியில் வேலை, வயது 46. இரண்டு வருடமாகப் பறவை பார்க்கிறேன் என்று பெயர். உண்மையில் சாயங்காலம் வேலை முடிந்து நயினார்குளக்கரையில் அரை மணி நேரம் நிற்பேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வாய்த்தால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்.

கையில் இருப்பது பொருட்காட்சியில் 900 ரூபாய்க்கு வாங்கியது. மேலே ‘30x60’ என்று போட்டிருக்கிறது. முன் லென்ஸ் செக்கச்செவேல் என்று பளபளக்கும். ஐந்தரை வரை ஏதோ தெரியும், ஆறு ஆகிவிட்டால் வெறுங்கண்ணே தேவலை. கரையோர மரத்தின் தாழ்ந்த கிளையில் தினமும் ஒன்று கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வக்காவின் (இராக்கொக்கு) இளசு என்று குறித்து வைத்திருக்கிறேன். மடையானாகவும் (குளத்துக்கொக்கு) இருக்கலாம். அந்த டப்பாவில் பார்த்தால் பழுப்பு மூட்டை ஒன்றுதான் தெரிகிறது.

15,000 வரை போடலாம். அவசியம் என்றால் இன்னும் ஒரு 2,000. நிக்கான் அக்யூலான் 10x50 வாங்கு, பெரிசு, பவரும் கூட என்கிறார் ஒரு நண்பர். எனக்கு மைனஸ் 4.5. கண்ணாடியைக் கழற்றினால் குளமே தெரியாது. வாங்கலாமா?

கூழைக்கடா

தம்பி, முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து அந்த ‘30x60’இன் முன் லென்ஸை அளந்து பாருங்கள். 60 என்றால் குறுக்களவு 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 25 பக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன். 30 மடங்கு என்பதும் கதைதான்; 8, 10 இருந்தால் அதிகம். அந்தச் சிவப்புப் பூச்சு வருகிற சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். உங்கள் குளத்தில் எல்லாம் பச்சை பாரித்துத் தெரியுமே, அதனால்தான்.

ஆறு மணிக்கு ஏன் இருட்டுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு. முன் லென்ஸின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் வெளிச்ச வட்டத்தின் அளவு கிடைக்கும். உங்கள் டப்பாவில் 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். உச்சிவெயிலில் நம் கண்பாவையே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அதனால் பகலில் குறை தெரியாது. பொழுது சாயச் சாயப் பாவை விரியும், வட்டம் விரியாது. 8x42 வாங்கினால் 5.25. மாலையில் மட்டும் பார்க்கிற உங்களுக்கு இந்த எண்தான் முக்கியம், பெருக்கம் இல்லை.

அக்யூலான் 10x50 வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது, வட்டம் 5 வருகிறது. சிக்கல் உங்கள் மூக்கில் இருக்கிறது. அதன் ஐ ரிலீஃப், அதாவது கண் எவ்வளவு தள்ளி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்கிற தூரம், 12 மில்லிமீட்டர் கிட்டத்தான். கண்ணாடி போட்டவருக்குக் குறைந்தது 16 வேண்டும். இல்லாவிட்டால் சாவித் துவாரம் வழியாகக் குளத்தைப் பார்த்த மாதிரி நடுவில் கொஞ்சம்தான் கிடைக்கும். அது 900 கிராம் வேறு; பத்து நிமிடத்தில் கை இறங்கிவிடும்.

உங்கள் பணத்துக்கு நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8x42 பாருங்கள், ஐ ரிலீஃப் 20-ஐ ஒட்டி வரும். மோனார்க் எம்5 8x42 இன்னும் தெளிவு, 19.5, எடை 630 கிராம்; ஆனால் பட்ஜெட்டைத் தாண்டும். விலை கடைக்குக் கடை மாறுகிறது, விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பழுப்பு மூட்டை. அது எழுந்து பறக்கும்வரை நில்லுங்கள். மடையான் என்றால் வெள்ளைவெளேர் என்று இறக்கை விரியும். அதற்குப் பைனாகுலரே வேண்டாம்.

உப்பளத்து உள்ளான்

பெரியவர் சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். நான் மணக்குடிப் பக்கம். காயலில் உள்ளான்கள், அதாவது சேற்றுக்கரைச் சிறு பறவைகள், அந்தக் கோடியில் இரை பொறுக்கும்போது 8 வைத்திருப்பவர் “ஏதோ உள்ளான்” என்று எழுதுகிறார், 10 வைத்திருக்கும் நான் காலின் நிறம் பார்த்துப் பெயர் எழுதுகிறேன். கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து நடுக்குளத்தில் நின்றால் என்ன செய்வீர்கள் அண்ணாச்சி? வார்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 10x42 பார்க்கலாம். பணம் கொஞ்சம் கூடும்.

கூழைக்கடா

தம்பி உள்ளான், கடற்காற்றில் உங்கள் 10 ஆடுகிறதா இல்லையா? பறவை பத்து மடங்கு பெரிதாவது போல நடுக்கமும் பத்து மடங்காகிறது. உங்களுக்கு வயது குறைவு, கை நிற்கும். நான் 63, எனக்கு நிற்காது. நடுக்குளத்து வாத்துக்கு 10-உம் போதாது; முக்காலியில் வைத்த ஸ்கோப், அதாவது ஒற்றைக்குழல் தொலைநோக்கிதான் மருந்து. பைனாகுலர் கிட்டத்தில் ஓடுவதைத் துரத்த. கதிர்க்குருவி ஒன்று புளியமரத்தில் தாவும்போது 10-இல் தேடிப் பாருங்கள், இலையாகவே வரும். தவிர, நீங்கள் சொன்ன மாடலில் 8-க்கு ஐ ரிலீஃப் 17, 10-க்கு 15. இவர் மூக்குக்கண்ணாடிக்காரர்.

பள்ளிக்கரணை வாசி

அண்ணா, நானும் கண்ணாடிதான், மைனஸ் 3. கிட்டப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடி இல்லாமலும் ஃபோகஸ் செய்யலாம் என்பார்கள். செய்யலாம். ஆனால் பறவை எங்கே என்று கண்டுபிடிக்கவே கண்ணாடி வேண்டுமே! ஏற்றி இறக்குவதற்குள் மீன்கொத்தி போய்விடும். அதனால் கண்ணாடியோடே கடைக்குப் போங்கள். ஐகப்பை, அதாவது கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையத்தை, முழுதும் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். வட்டத்தின் விளிம்பு நாலு பக்கமும் ஒரே கூராகத் தெரிந்தால் சரி. பிறகு ஒரு கை தூரத்தில் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் விழும் வெளிச்சப் புள்ளியைக் கவனியுங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும்; ஓரம் வெட்டி வைரம் போலத் தெரிந்தால் உள்ளே இருக்கும் பிரிசம் என்கிற கண்ணாடிக் கட்டி மட்டமானது.

என் முதல் பைனாகுலரைத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்தேன். அடுத்த ஐப்பசி மழை முடிந்து எடுத்தால் உள் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. துடைக்க வழியில்லை, ரிப்பேர் கடைக்காரர் வாங்கிய விலையில் பாதி கேட்டார். இப்போது மூடி இறுகின சாப்பாட்டு டப்பா, உள்ளே சிலிகா ஜெல், அவ்வளவுதான். நைட்ரஜன் நிரப்பியது என்றால் உள்ளே ஆவி படியாது, அதையும் கேட்டு வாங்குங்கள்.

நயினார்குளத்தான்

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேல் வைத்து அளந்தேன்: 24 மில்லிமீட்டர். 900 ரூபாய் கொடுத்தது எனக்குத்தான் தெரியும், வீட்டில் 300 என்று சொல்லியிருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும்.

போன சனிக்கிழமை மதுரை போனேன். கடையில் நாலு மாடல் இருந்தது. கடைக்காரர் எதிர்ப்பக்கத்து நகைக்கடை போர்டைக் காட்டி “எழுத்து எப்படி நிக்குது பாருங்க” என்றார். நான் பிடிவாதமாக ஆறு மணி வரை காத்திருந்து, போர்டுக்குக் கீழே இருட்டாக இருந்த மாடிப்படியைப் பார்த்தேன். 10x42-இல் படி தெரிந்தது, 8x42-இல் படியில் கிடந்த செருப்பு தெரிந்தது. பி3 8x42 வாங்கியாயிற்று. பள்ளிக்கரணைத் தங்கச்சி சொன்ன வட்டமும் பார்த்தேன், முழுசாக இருந்தது.

முதல் நாள் ஒரு கண்ணுக்கு மங்கலாகவே இருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று பயந்து, பிறகு கூட வந்த விளக்கத் தாளைப் படித்தேன். வலது முன் லென்ஸை மறைத்து, இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தால் சரி செய்து, அப்புறம் இடதை மறைத்து வலது ஐகப் பக்கத்து வளையத்தைத் திருப்ப வேண்டுமாம். இதை யாருமே சொல்லவில்லை!

நேற்று மாலை 6.10. பழுப்பு மூட்டை அதே கிளையில். வக்காவின் இளசு என்றால் இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்க வேண்டும். புள்ளி ஒன்றுகூட இல்லை, முதுகு சுத்தப் பழுப்பு, நெஞ்சில் மட்டும் கோடு கோடாக. ஐயா சொன்னபடி பறக்கட்டும் என்று நின்றேன், கொசு கடித்ததுதான் மிச்சம், அது அசையவே இல்லை. மடையான்தான், சந்தேகமில்லை.

மூன்று மாதமாக அதை இ-பேர்டில் (பார்த்த பறவைகளைப் பட்டியல் போடும் இணையதளம்) வக்கா என்று போட்டு வந்திருக்கிறேன். பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் திருத்த வேண்டுமா, மொத்தமாக மாற்ற வழி உண்டா?