பொருள்: ஹோஸ்ட், கெஸ்ட் – ஆய்வகக் கையேட்டுக்கு இரண்டு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரிக் கணித ஆய்வகத்துக்கான சேஜ்மேத் (கணித மென்பொருள்) கையேடு வியாழனன்று அச்சுக்குப் போக வேண்டும். ஆய்வகக் கணினிகளில் இருப்பது விண்டோஸ். அதில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, உள்ளே லினக்ஸ் வகையான உபுண்டு 22.04 ஏற்றி, அதன் களஞ்சியத்தில் கிடைக்கும் சேஜ் 9.5-ஐ ஓட்டுவதாக ஏற்பாடு. 8 ஜிபி நினைவகத்தில் 4 ஜிபி உபுண்டுக்கு. வட்டில் 25 ஜிபி. விர்ச்சுவல் மெஷினுக்கு 'மெய்நிகர் பொறி' போட்டாயிற்று. ஹோஸ்டும் கெஸ்டும்தான் நிற்கின்றன. விண்டோஸ் கணினி ஹோஸ்ட், அதற்குள் ஓடும் உபுண்டு கெஸ்ட். "முனையத்தை (கட்டளை தட்டும் சாளரம்) திறக்கவும்" என்று எழுதினால், எந்த முனையம் என்று மாணவர் கேட்பார். வாயால் சொன்னாலும் குழம்பாத சோடியாக வேண்டும்.

---

> ஹோஸ்டும் கெஸ்டும்தான் நிற்கின்றன

விருந்தோம்பி, விருந்தினர். வேறென்ன தேட வேண்டும்? விருந்து என்றாலே புதுமை. தொல்காப்பியம் எண்வகை வனப்பில் ஒன்றாக விருந்தை வைப்பதும் புதிதாக யாக்கும் செய்யுளைக் கருதித்தான். புதிதாய் வந்திறங்கிய உபுண்டுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? இலத்தீனில் ஹோஸ்பெஸ் என்ற ஒரே சொல் விருந்து வைப்பவரையும் குறித்தது, உண்ண வந்தவரையும் குறித்தது. அந்தக் குழப்பம் நமக்கு என்றுமே இருந்ததில்லை.

---

ஐயா, விருந்தும் மருந்தும் மூன்று நாள். இந்த விருந்தாளியோ 4 ஜிபியை மடக்கிக்கொண்டு ஆண்டு முழுக்க உட்கார்ந்திருப்பவர். குடித்தனக்காரர் என்றால் ஒப்புக்கொள்வேன்!

விளையாட்டு போகட்டும். அந்தச் சோடி ஆய்வகத்தில் எங்கே உதைக்கும் என்று சொல்கிறேன். சேஜை உலாவியில் காட்டும் ஜூபிட்டர் உபுண்டுக்குள், எந்தக் கணினியும் தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில், 8888 துறையில் (போர்ட்) காத்திருக்கும். விண்டோஸ் உலாவியில் அதே முகவரியை அடித்தால் அது விண்டோஸையே குறிக்கும், பக்கம் வராது. விர்ச்சுவல்பாக்ஸின் நாட் (வலை முகவரி மாற்றும்) அமைப்பில் 8888-ஐ 8888-க்குத் திருப்பிவிட்டாலும் போதாது. திருப்பிவிட்டது போய்ச் சேர்வது உபுண்டின் வலை முகவரியான 10.0.2.15-க்கு, ஜூபிட்டரோ 127.0.0.1-இல் மட்டும் காது வைத்திருக்கிறது. 0.0.0.0-இல், அதாவது எல்லா முகவரிகளிலும், கேட்கச் சொல்லி அதைத் தொடங்கினால்தான் பக்கம் திறக்கும். இந்த 127.0.0.1-க்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்று பெயர். ஹோஸ்ட் என்றால் விருந்தோம்பி என்று படித்த மாணவர், லோக்கல்ஹோஸ்ட் விண்டோஸைத்தானே குறிக்கும் என்பார். அந்த ஹோஸ்ட் வேறு, வலையிலுள்ள எந்தக் கணினிக்கும் பொதுப்பெயர், என்று தனியாக ஒரு வகுப்பு எடுக்க வேண்டிவரும்.

---

தாங்கு தளம், தங்கு தளம் என்று வைத்தால் என்ன? தாங்குவது விண்டோஸ், தங்குவது உபுண்டு. தூய தமிழ் வினை, ஓசை நயமும் உண்டு. தங்கு தன்வினை, தாங்கு பிறவினை என்று கொள்ளலாமோ? அடங்கு, அடக்கு என்பதில் மெல்லினம் வல்லினமாகிறது; அப்படி ஆகாமல் முதலெழுத்து நீளும் வகைக்கு வேறு எடுத்துக்காட்டுகள் இருந்தால் குழுவினர் தரலாம்.

---

அழகான சோடி, அதனாலேயே வேண்டாம். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு துணைக்கால். அச்சில் அது விழுந்தால், "தாங்கு தளத்தை மறுதொடக்கம் செய்து பயாஸில் விடி-எக்ஸ் இயக்கவும்" என்பது "தங்கு தளத்தை" என்றாகும். மாணவர் உபுண்டை நூறு முறை மறுதொடக்கம் செய்தாலும், கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் உள்ள அந்த விருப்பம் தென்படாது. செயலியின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸ் அணைந்திருந்தால் 64 பிட் உபுண்டு கிளம்பவே கிளம்பாது. கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தாங்கும் தங்கும் ஒன்றாகவே கேட்கும்.

வெளிக்கணினி, உள்கணினி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது.

---

விளக்கம் தேவைப்படாது என்பதற்காகச் சரியாகிவிடாது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் மெய்நிகராக்க அடுக்கான ஹைப்பர்-வி இயங்கினால் விண்டோஸே அதன்மேல் ஓடும் ஒரு பகுதிதான். விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழே பச்சை ஆமைச் சின்னம் தெரிவதும், சேஜ் தவழ்வதும் அதனால்தான். அப்போது எது வெளி, எது உள்? விருந்தோம்பியை உயிரியல்காரர்கள் ஒட்டுண்ணிக்கு இடம் தரும் உயிருக்கு ஏற்கெனவே வைத்துக்கொண்டார்கள். நினைவகத்தை உறிஞ்சுவதைப் பார்த்தால் நமக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது.

---

ஆமை தெரிந்தால் ஹைப்பர்-வியை அணைக்கச் சொல்லி அடிக்குறிப்பு சேர்க்கிறேன், ஐயா. ஆனால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-உம் அதன் மெய்நிகராக்க அடுக்கையே நம்பியிருக்கிறது. இரண்டையும் ஒரே கணினியில் கேட்கும் கல்லூரித் துறைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இதுவரை வந்த மடல்களில் வெளி–உள் பக்கம் நால்வர், விருந்து பக்கம் இருவர், தாங்கு–தங்கு பக்கம் ஒருவர். வெளிக்கணினி, உள்கணினி என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள். ஆனால் உள்கணினி அன்று, உட்கணினி. ளகரத்தின் பின் வல்லினம் வந்தால் அந்த ளகரம் டகரமாகத் திரியும்; உட்பொருள், உட்கட்சி என்று எழுதுகிறோமே. வெளிக்கணினியில் மட்டும் ஒற்று மிகுத்துவிட்டு இங்கே விட்டது ஏன்?

---

மாணவர் தேடுபெட்டியில் 'உள்கணினி' என்றுதான் தட்டுவார், ஐயா. 'உட்கணினி' என்று அச்சிட்டால் பிடிஎஃப் தேடலில் ஒன்றும் சிக்காது. விருந்துக் கட்சிக்காரன் நான், இருந்தும் சொல்கிறேன்: புணர்ச்சியை வியாழனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.