டேவிட் முதல் இன்று வரை: ஓவியத்தில் குரு வரிசைக்கு என்ன மதிப்பு?

கேள்வி:

நான் சேர விரும்பும் ஓவியப் பயிற்சியின் ஆசிரியர், தம் குரு வரிசையைப் பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி டேவிட்டிலிருந்து தொடங்குகிறார். டேவிட்டின் மாணவர் குரோ, அவர் மாணவர் தெலரோஷ், அடுத்து ழெரோம், பிறகு பாஸ்டன் நகரத்து வில்லியம் பாக்ஸ்டன், ஐவ்ஸ் கேமல், ரிச்சர்ட் லாக் என்று அது இறங்கி வருகிறது. கர்நாடக சங்கீதத்தில் குருவிடமிருந்து மாணவருக்கு வழிவழியாக வரும் பாடுமுறையைப் பாடாந்தரம் என்கிறோமே, அதுபோல ஓவியத்திலும் ஒன்று உண்மையில் கைமாறி வருகிறதா, அல்லது இது வெறும் பெயர் வரிசைதானா?

முதல் மறுமொழி:

நீங்கள் குறிப்பிட்ட வரிசை லாக் வரை உண்மையானதே. கைமாறி வந்தது பாணியன்று, பார்க்கும் பழக்கம் என்பது என் எண்ணம். ழெரோமின் துணையோடு ஷார்ல் பார்க் உருவாக்கி, 1860களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய 197 பயிற்சித் தாள்களில் (மாணவர் பார்த்து வரைவதற்கான அச்சிட்ட படங்கள்) ஒன்றைப் பாருங்கள். ஒரு பாதத்தின் வார்ப்பு (அச்சில் ஊற்றி எடுத்த பிளாஸ்டர் உருவம்) என்றால், ஒரு பக்கம் அதன் வெளிவடிவம் சில நேர்கோடுகளாக மட்டும் நிற்கும், விரல்கள்கூடப் பிரிந்திருக்காது. பக்கத்தில் அதே பாதம் நிழலோடு முழுமையாக இருக்கும். இரண்டாவதை வரைய எல்லோருக்கும் ஆசை வரும், ஆனால் பாடம் முழுவதும் முதலாவதில்தான் இருக்கிறது. கேமலும் லாக்கும் கற்பித்த முறையில், வரைபலகையைப் பிளாஸ்டர் வார்ப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, பல அடி பின்னே வந்து இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டு, பிழையை மனத்தில் வைத்துக்கொண்டு முன்னே சென்று ஒரு கோட்டைத் திருத்தி, மீண்டும் பின்னே வர வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் தவறான கோணத்தைச் சுட்டிக்காட்ட அருகில் ஒருவர் நின்றால்தான் கண் பழகும். லாக் 1969-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஓவியக்கூடம் தொடங்கியதும் இதற்காகத்தான்.

இரண்டாம் மறுமொழி:

முந்தைய கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் பழக்கமும் எப்போதும் அப்படியே இறங்குவதில்லை. அதே ழெரோமிடம் 1866 முதல் பயின்ற அமெரிக்கர் தாமஸ் ஏக்கின்ஸ், பிலடெல்பியாவில் ஆசிரியரானதும் பிளாஸ்டர் வார்ப்புகளைப் பின்னுக்குத் தள்ளி, மாணவர் கையில் தொடக்கத்திலேயே தூரிகையைக் கொடுத்தார்; உடற்கூறு அறுவையையும் பாடமாக்கினார். தெலரோஷின் கூடத்தை ஏற்று நடத்திய ஷார்ல் கிளேரிடமிருந்துதான், இம்ப்ரெஷனிசம் என்ற புதிய பாணியில் தீட்டிய மோனேயும் ரெனுவாரும் வந்தார்கள். ஆகவே, பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், அந்த ஆசிரியரின் மாணவர்கள் முதல் ஆண்டில் வரைந்தவற்றையும் மூன்றாம் ஆண்டில் வரைந்தவற்றையும் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் மறுமொழி:

பத்திரிகைச் சித்திரக்காரர்களிடமும் இந்த மரபு உண்டு. அமெரிக்காவின் வில்மிங்டனில் சித்திரக்காரர் ஹோவார்ட் பைல் கட்டணம் வாங்காமலே கற்பித்தார். வரையும் காட்சிக்குள் தாமே நிற்பதாக மாணவர் உணர வேண்டும் என்பது அவருடைய பாடம். 1902-இல் அவரிடம் வந்த என். சி. வையத், பின்னாளில் தம் மகன் ஆண்ட்ருவுக்கும் மகள் கேரலினுக்கும் வீட்டிலேயே கற்பித்தார். ஆண்ட்ருவின் மகன் ஜேமி, அத்தை கேரலினிடம் கனசதுரமும் உருண்டையும் வரைந்துதான் தொடங்கினார்.

நான்காம் மறுமொழி:

குரு வரிசை சில நேரம் சுமையாகவும் ஆகிவிடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. டேவிட் 1816-இல் பிரஸ்ஸல்ஸுக்கு நாடு கடத்தப்பட்டபோது தம் ஓவியக்கூடத்தைக் குரோவிடம் ஒப்படைத்தார். நெப்போலியன் காலப் போர்க்காட்சிகளை உயிரோட்டமான வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்றிருந்த அந்த மாணவருக்கு, பழங்கால வரலாற்றுக்கே திரும்பும்படி அங்கிருந்து கடிதங்கள் எழுதினார். குருவின் சொல்லைத் தட்ட மனமில்லாமல் குரோ தமக்கு ஒவ்வாத அந்த வழியில் நடந்தார். 1835-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவருடைய ஹெர்குலிஸ் ஓவியம் இகழப்பட்டது, அதே ஆண்டு அவர் செய்ன் ஆற்றில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுக் கண்காட்சியில்தான், அவரிடம் பயின்ற தெலரோஷ் ஆங்கிலேய வரலாற்றிலிருந்து எடுத்த ஜேன் கிரே என்ற இளம் அரசியின் மரண தண்டனைக் காட்சியைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது.