கையுறை மாட்டிய தாதியை மென்பொருள் அடையாளம் காண வேண்டும்: உதவி தேவை

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாசில் மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் வேலை செய்கிறேன். மருந்தேற்றும் பம்பைக் கட்டுப்படுத்தும் டேப்லெட்டில், கடவுச்சொல் கேட்காமலேயே பயனரைத் தொடர்ந்து உறுதிசெய்ய முயல்கிறோம். கருவியைப் பிடிக்கும் விதம் அசைவு சென்சார்களில் தெரிகிறது. விரல் அழுத்தும் நேரமும் இழுக்கும் வேகமும் தொடுதிரையில் கிடைக்கின்றன.

மேசையில் நன்றாக ஓடுகிறது. கையுறை மாட்டியதும் தடுமாறுகிறது. கிருமிநாசினி காயாத விரல், நோயாளியைத் தாங்கியபடி மறுகையால் தட்டுவது, எல்லாமே அந்நியர் தொடுவதாகத் தெரிகிறது. அடையாளம் ஏற்கும் வரம்பைத் தளர்த்தினால் பிறர் நுழைந்துவிடலாம். இறுக்கினால் அவசரத்தில் தாதியே வெளியே நிற்பார். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம். என்ன சந்தேகம் வந்தாலும் பம்பை நிறுத்தும் பொத்தான் பூட்டப்படவே கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

இதை ஐஎஸ்ஓ 14971 (மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைத் தரநிலை) கேட்கும் இடர் ஆவணத்தில் எழுதிய அனுபவம் யாருக்காவது உண்டா? நம் மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தம், இப்படி நடத்தை சார்ந்த உயிரளவை (பயோமெட்ரிக்) தரவையும் கூடுதல் பாதுகாப்புக்குரியதாக்கிவிட்டது. அதற்கேற்ற ஒப்புதல் படிவத்தின் மாதிரி இருந்தால் பகிருங்கள். வார்டில் பணிபுரியும் அக்கா, அண்ணன்மாரே, கை நிறைய வேலை இருக்கும்போது திரை பூட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?